நினைப்பு வந்தாலே பாவமா? இச்சையை எந்த இடத்தில் நிறுத்துவது?

வாலிபர்_வகுப்பு:
லெந்து நாட்களுக்கு (தவக்காலத்துக்கு), 17 முதல் 25 வயது வரையுள்ளவர்களுக்கு நான்கு வாரப் பாடம் தயாரிக்க வேண்டியிருக்கிறது. தலைப்பு: சோதனையும் இச்சையும். "ஜெபம் பண்ணு, வசனம் படி, ஓடிப்போ" என்ற மூன்று வரியைப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே கேட்டுவிட்டார்கள். அதற்கு மேல் என்ன சொல்வது என்பதுதான் தேடல்.

முக்கியமாக மூன்று சந்தேகம். மத்தேயு 5:28-ஐப் படித்துவிட்டு, மனதில் ஒரு நினைப்பு ஓடினாலே விபசாரம் செய்தாயிற்று என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியா? "விலகியோடு" என்று ஒரு வசனமும் "எதிர்த்து நில்" என்று இன்னொரு வசனமும் சொல்கின்றனவே, எதை எப்போது செய்வது? விழுந்து, அழுது, எழுந்து, மறுபடி அதே இடத்தில் விழுகிறவனிடம் நடைமுறையில் என்ன செய்யச் சொல்வது? விஷயம் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

உப்பரிகை:
யாக்கோபு 1:14-15-இல் தொடங்குங்கள். "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான். பின்பு இச்சையானது கர்ப்பந்தரித்து, பாவத்தைப் பிறப்பிக்கும்." இங்கே "சிக்குண்டு" என்று வருகிற கிரேக்கச் சொல் தூண்டில் இரையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் வலையின் சாயல் இருக்கிறது, இரையின் சாயல் போய்விட்டது. மீன் முள்ளைத் தேடி வருவதில்லை, புழுவைத் தேடித்தான் வருகிறது. ஆகவே ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டியது, "என்னுடைய புழு எது?" என்பதே. ஒருவனுக்குத் தனிமை, இன்னொருவனுக்குப் புகழ்ச்சி, வேறொருவனுக்கு வேலை முடிந்த அலுப்பு. வசனம் "சுய இச்சை" என்று அழுத்திச் சொல்வது இதனால்தான். எல்லாருக்கும் ஒரே மருந்து எழுதிக் கொடுக்க முடியாது.

அடுத்தது மத்தேயு 5:28. "இச்சையோடு பார்க்கிற எவனும்" என்பது நம் மொழிபெயர்ப்பு. மூலத்தில் "இச்சிக்கும்படி பார்க்கிற" என்று நோக்கத்தைச் சொல்லும் அமைப்பு இருக்கிறது. கண்ணில் பட்டதையோ, பட்டவுடன் உள்ளே எழுந்த அசைவையோ இயேசு விபசாரம் என்று சொல்லவில்லை. அந்த அசைவை ஊட்டி வளர்ப்பதற்காகவே திரும்பவும் பார்க்கும் பார்வையைத்தான் சொல்கிறார். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் இரண்டு விதமாகக் கெடும். மென்மையான மனசுக்காரன் நாள் முழுக்கக் குற்ற உணர்வில் வேகிறான். துணிந்தவனோ, "நினைத்ததே பாவம் என்றால் செய்தால் மட்டும் என்ன" என்று அடுத்த படிக்குத் தாவிவிடுகிறான்.

பாடத்துக்கு ஒரே ஒரு சம்பவம் போதும் என்றால் 2 சாமுவேல் 11-ன் முதல் நான்கு வசனங்களை எடுங்கள். பலகையில் படிப்படியாக எழுதுங்கள். ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலம். தாவீது எருசலேமில் தங்கிவிட்டான். சாயங்காலம் படுக்கையிலிருந்து எழுந்து உப்பரிகையில் உலாத்துகிறான். ஸ்நானம்பண்ணுகிற ஸ்திரீயைக் காண்கிறான். அழகு என்று குறித்துக்கொள்கிறான். ஆள் அனுப்பி விசாரிக்கிறான். "ஏத்தியனான உரியாவின் மனைவி" என்று பதில் வருகிறது. அதற்குப் பிறகும் ஆள் அனுப்பி அழைப்பிக்கிறான். கண்டது வரைக்கும் தாவீது எந்தக் கட்டளையையும் மீறவில்லை. படியிறங்கிப் போயிருக்கலாம். விசாரித்த பிறகாவது நிறுத்தியிருக்கலாம், ஏனென்றால் "உரியாவின் மனைவி" என்ற அந்த இரண்டு வார்த்தையே தேவன் திறந்து வைத்த கதவு. 1 கொரிந்தியர் 10:13 "தப்பிக்கொள்ளும்படியான போக்கு" என்கிறதே, அந்தப் போக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஒருவர் சொல்லும் ஒரு சாதாரணத் தகவல், வாசலில் ஒரு தட்டல், அந்த நேரத்தில் அம்மாவின் போன். சோதனைக்குப் பிறகு வருவதல்ல, "சோதனையோடுகூட" வருவது. எந்தப் படியில் எந்தக் கதவு இருந்தது என்று வாலிபர்களையே குறிக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

பக்கத்திலேயே ஆதியாகமம் 39-ஐ வையுங்கள். யோசேப்பின் ஓட்டம் எல்லாருக்கும் தெரியும். 10-ஆம் வசனத்தை யாரும் கவனிப்பதில்லை. எஜமானின் மனைவி நித்தம் நித்தம் பேசியும், அவளோடே சயனிக்கவும் "அவளுடனே இருக்கவும்" அவன் சம்மதிக்கவில்லை. மறுத்தது இரண்டு. பாவத்தை மட்டுமல்ல, கூட இருப்பதையும் மறுத்தான். வஸ்திரத்தை விட்டு ஓடிய அந்த ஒரு நாளுக்குப் பின்னால் பல நாள் ஒதுங்கல் இருந்தது.

விலகியோடுவதா, எதிர்ப்பதா என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. வசனங்களில் எதைப் பார்த்து எது சொல்லப்படுகிறது என்று கவனியுங்கள். "வேசித்தனத்திற்கு விலகியோடுங்கள்" (1 கொரி. 6:18), "பாலியத்துக்குரிய இச்சைகளுக்கு நீ விலகியோடி" (2 தீமோ. 2:22): இவை சரீரமும் கண்ணும் சம்பந்தப்பட்டவை. எதிர்த்து நிற்கச் சொல்வது பிசாசுக்கு (யாக். 4:7): அதாவது பொய்க்கு, பயத்துக்கு, "தேவன் உன்னைக் கைவிட்டார்" என்ற பேச்சுக்கு. சரீர இச்சையோடு நின்று வாதாடுகிறவன் அதைப் பார்த்துக்கொண்டே வாதாடுகிறான். அதனால்தான் தோற்கிறான்.

பங்குப்பணி:
நல்ல விளக்கம் ஐயா. கத்தோலிக்க மரபிலிருந்தும் கீழைத் திருச்சபையிலிருந்தும் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் (மறைவு 399) மனதைத் தாக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார்: போசனப்பிரியம், காமம், பண ஆசை, துயரம், கோபம், சோர்வு, வீண்பெருமை, செருக்கு. பிறகு திருத்தந்தை பெரிய கிரகோரியார் இதை மாற்றியமைத்ததிலிருந்துதான் இன்று நாம் சொல்லும் தலையான பாவங்கள் ஏழு வந்தன. எவாக்ரியுஸின் அடிப்படை போதனை உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில்: இந்த எண்ணங்கள் நம்மைத் தொந்தரவு செய்வதும் செய்யாததும் நம் கையில் இல்லை, அவை தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டில் சீனாய் மலை மடத்தின் தலைவர் யோவான் கிளிமாக்கஸ் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். முதலில் எண்ணம் வந்து மோதுகிறது. அதில் பாவமே இல்லை. பிறகு அதனோடு பேச்சுக் கொடுக்கிறோம். பிறகு சம்மதம். பிறகு நாமே இழுத்துச் செல்லப்படும் சிறைப்பட்ட நிலை. கடைசியில் அது பழக்கமாகி இயல்பு போலவே ஆகிவிடுகிறது. இடையில் போராட்டம் என்று ஒன்றையும் சொல்கிறார்; அது வெற்றிக்கும் காரணமாகலாம், தண்டனைக்கும் காரணமாகலாம். சண்டை போட வேண்டிய இடம் இரண்டாம் படி, அந்தப் "பேச்சுக் கொடுக்கும்" படி. நாமோ பெரும்பாலும் நான்காம் படியில்தான் ஜெபிக்கத் தொடங்குகிறோம், அதனால் ஜெபம் பலிக்கவில்லை என்று தோன்றுகிறது. அதற்காக அங்கே ஜெபிக்க வேண்டாம் என்பதல்ல. மூழ்குகிற பேதுருவுக்கும் கை நீட்டப்பட்டது. ஆனால் பாடத்தின் எடை இரண்டாம் படியில் இருக்கட்டும்.

பேச்சுக் கொடுக்காமல் எப்படித் திருப்பி அனுப்புவது? பாலைவனத்தில் பிசாசு சோதித்தபோது ஆண்டவர் செய்ததுபோல, குறுகிய ஒரே இறைவார்த்தையால். எவாக்ரியுஸ் இதற்காகவே எட்டு எண்ணங்களுக்கும் ஏறக்குறைய 500 வசனங்களைத் தொகுத்து வைத்தார். உங்கள் பிள்ளைகளுக்கு 500 வேண்டாம். ஆண்டவரின் மூன்று பதில்களும் இணைச்சட்டம் (உபாகமம்) 6 முதல் 8 வரையுள்ள அதிகாரங்களிலிருந்தே வந்தன (8:3, 6:16, 6:13). ஒரே பகுதி அவருக்குள் ஊறியிருந்தது. ஆளுக்கு ஒரு பகுதியை நான்கு வாரமும் வாசித்து, அதிலிருந்து மூச்சுவிடும் நேரத்தில் சொல்லி முடிக்கும் அளவுக்கு ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளட்டும். சோதித்தவனும் வசனம் சொன்னான் என்பதை மறக்காதீர்கள். திருப்பாடல் (சங்கீதம்) 91-ஐச் சொல்லும்போது "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொற்களை விட்டுவிட்டான்.

மூன்றாம் கேள்விக்கு, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தந்த தனி ஆன்மச் சோதனையை, அதாவது ஒரே ஒரு குறையைப் பற்றிய மனப் பரிசோதனையை, கற்றுக்கொடுங்கள். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகரித்த "ஆன்மீகப் பயிற்சிகள்" என்ற அவருடைய நூலில் இருக்கிறது. எல்லாப் பாவத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கக் கூடாது, ஒன்றே ஒன்று. காலையில் எழுந்ததும் அதை விலக்கத் தீர்மானம். மதிய உணவுக்குப் பின் முதல் கணக்கு: எழுந்ததிலிருந்து மணி மணியாக நினைத்துப் பார்த்து, எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளி ஒரு கோட்டின் மேல். இரவு உணவுக்குப் பின் இரண்டாம் கணக்கு, இரண்டாம் கோட்டில். ஒரு நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்குப் பதினான்கு. விழுந்த அந்தக் கணமே, நடுத்தெருவில் நின்றாலும், நெஞ்சில் கை வைத்து வருந்த வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. இரவில் முதல் கோட்டை இரண்டாவதோடும், இன்றைய நாளை நேற்றோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிட வேண்டும்.

இது எங்கே கெட்டுப்போகும் என்றால், புள்ளி பூஜ்யம் ஆக வேண்டும் என்பதே குறியாகும்போது. புள்ளிகள் எந்த நேரத்தில் கூடுகின்றன என்பதே தேவையான தகவல். மதியம் வரை ஒன்றுமில்லை, இரவில் மட்டும் ஏழு என்றால் பிரச்சினை இரவில் இருக்கிறது. ஒழுங்கை அங்கே மாற்ற வேண்டும்.

ஞானப்பாட்டு:
பங்குப்பணி அவர்கள் "அதில் பாவமே இல்லை" என்று சொன்னது கத்தோலிக்கப் போதனைக்குச் சரி. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துச் சங்கம் 1546-இல் தன் ஐந்தாம் அமர்வில், ஞானஸ்நானம் பெற்றவரிடம் மிஞ்சியிருக்கும் இச்சை போராட்டத்துக்காக விடப்பட்டது, சம்மதியாதவருக்குத் தீங்கு செய்யாது, அது உண்மையான பொருளில் பாவம் அல்ல என்றது. ஆனால் வகுப்பில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைகளும் லுத்தரன் பிள்ளைகளும் இருந்தால் இன்னொரு பக்கமும் தெரிய வேண்டும். லுத்தரன் சபையின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் இரண்டாம் பிரிவு பிறவிச் சீர்கேட்டை மெய்யாகவே பாவம் என்கிறது. ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களில் ஒன்பதாவது, விசுவாசிக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்று சொல்லிவிட்டு, இச்சைக்குத் தன்னளவிலேயே பாவத்தின் தன்மை உண்டு என்கிறது. ஆதாரம் ரோமர் 7:7: "இச்சியாதிருப்பாயாக என்று நியாயப்பிரமாணம் சொல்லாதிருந்தால், இச்சை பாவம் என்று நான் அறியாமலிருப்பேனே."

இது வெறும் வார்த்தைச் சண்டை அல்ல. நம் புரொட்டஸ்டன்ட் சபைப் பிள்ளை செய்ததை மட்டுமல்ல, விரும்பியதையும் ஆண்டவரிடம் கொண்டுபோகிறான்: "நான் செய்யவில்லை, ஆனால் எனக்கு ஆசையாக இருந்தது, இந்த இருதயத்தைக் குணமாக்கும்." அது நல்ல ஜெபம். ஆனாலும் வெளியிலிருந்து வரும் தூண்டுதல் பாவமல்ல என்பதில் இரு பக்கமும் ஒன்று, நம் ஆண்டவர் "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற" பிரதான ஆசாரியர் (எபி. 4:15). போராட வேண்டிய இடம் சம்மதம் என்பதிலும் வேறுபாடு இல்லை.

தையல்_இயந்திரம்:
ஒன்று சொல்லட்டுமா? இதுவரை எழுதியவர்கள் பெரும்பாலும் காமத்தை மனதில் வைத்தே பேசிவிட்டீர்கள். இச்சை என்ற சொல்லையே நம் சபைகளில் அப்படிச் சுருக்கிவிட்டோம். வேதத்தில் அந்தச் சொல் அவ்வளவு குறுகியது அல்ல. கலாத்தியர் 5:17-ஐத் தமிழில் வாசியுங்கள்: மாம்சம் ஆவிக்கு விரோதமாகவும், "ஆவி மாம்சத்துக்கு விரோதமாகவும் இச்சிக்கிறது." ஆவியும் இச்சிக்கிறது! இயேசு பஸ்காவைப் புசிக்க "மிகவும் ஆசையாயிருந்தேன்" என்றபோதும் (லூக். 22:15) மூலத்தில் அதே சொல்தான். ஆசையை அறுத்தெறிவது கிறிஸ்தவ போதனை அல்ல. ஆசை எதன்மேல், எந்த அளவில் என்பதே கேள்வி. நம் ஊரில் இதை விசேஷமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்ற வேறொரு போதனை காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

பத்தாம் கட்டளை முதலில் சொல்வது பிறனுடைய வீட்டை (யாத். 20:17). அதன் பிறகுதான் மனைவி, வேலைக்காரன், எருது, கழுதை. யோசுவா 7:21-இல், எரிகோவின் கொள்ளையிலிருந்து திருடிய ஆகான் சொல்லும் வரிசையைப் பாருங்கள்: பாபிலோனிய சால்வை ஒன்று, 200 வெள்ளிச்சேக்கல், 50 சேக்கல் நிறையுள்ள பொன்பாளம், "கண்டு, இச்சித்து, எடுத்து", கடைசியில் மண்ணுக்குள் புதைத்தான். எடுத்ததை ஒரு நாளும் அவன் உடுத்தவில்லை. கல்யாண வீட்டு நகையைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் வீட்டில் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதும், அடுத்தவர் ஸ்டேட்டஸைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதும் இதே வரிசைதான்.

இதற்கான பயிற்சி எபேசியர் 4:28-இல் இருக்கிறது. திருடுகிறவன் திருடாதிருந்தால் போதும் என்று பவுல் விடவில்லை. நிறுத்த வேண்டும், கையால் உழைக்க வேண்டும், குறைவுள்ளவனுக்குக் கொடுக்க வேண்டும். மூன்றாவது நடக்கும்போதுதான் அவன் கை மாறிற்று. வீட்டைப் பெருக்கிக் காலியாக விட்டால் ஏழு ஆவிகள் கூட வரும் என்று ஆண்டவரே சொன்னார் (லூக். 11:24-26). யாரைப் பார்த்து எரிச்சல் வருகிறதோ அவளைக் குறித்து ஒருவரிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லட்டும். ஆசைப்பட்ட பொருளின் விலையில் ஒரு சிறு பங்கை அந்த வாரமே யாருக்காவது கொடுக்கட்டும்.

போன் விஷயம். ரோமர் 13:14 "துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாமலிருந்து" என்கிறது. இதைப் படித்து உடம்பைக் கவனிக்காமல் விடுவதுதான் பக்தி என்று நினைக்கிறவர்கள் உண்டு. மூலத்தின் கருத்து, இச்சை நிறைவேறுவதற்கு முன்னேற்பாடு செய்துவைக்காதே என்பது. அழித்த செயலியின் பாஸ்வேர்டை ஞாபகமாக எழுதிவைப்பது, வேறு பெயரில் இன்னொரு கணக்கு, நம்பரை மட்டும் அழிக்காமல் விடுவது: இவையெல்லாம் முன்னேற்பாடு. போன் இரவில் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஏறட்டும். அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம். "அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைத்திருக்கிறேன்" என்ற சாக்கு அதோடு போகும்.

வாலிபர்_வகுப்பு:
எல்லாருக்கும் மிக்க நன்றி, தையல்_இயந்திரம் அக்காவுக்கும் தனியாக. இன்னும் இரண்டு. சிலர் "இனி ஒருபோதும் செய்யமாட்டேன்" என்று பொருத்தனை பண்ணுகிறார்கள், கடும் உபவாசம் இருக்கிறார்கள், ஊக்கப்படுத்தலாமா? ஒரே பாவத்தை நாள்தோறும், சில நேரம் ஒரே நாளில் பலமுறை அறிக்கையிட்டு, மன்னிப்பு வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருப்பவரை எப்படிக் கையாள்வது?

பங்குப்பணி:
பொருத்தனை வேண்டாம். ஆயுசுக்கும் என்று நேர்ந்துகொண்டு மூன்றாம் நாள் உடைந்தால், ஒரு பாவத்தோடு உடைந்த நேர்ச்சையும் சேர்ந்து மனசாட்சியில் ஏறும். "இன்று இரவு பத்து மணிக்குப் போனை வெளியே வைப்பேன்" என்பது போதும்.

உபவாசத்துக்கு அளவு இருக்கிறது. எகிப்தியத் துறவிகளிடம் கேட்டறிந்து யோவான் காசியான் பதிவு செய்த நாள் அளவு இரண்டு சிறு ரொட்டி, சேர்ந்து ஏறக்குறைய ஒரு ராத்தல். அது பாலைவனத் துறவிக்கு. அவர்களே அளவு மீறிய உபவாசமும் பெருந்தீனியும் கடைசியில் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடும் என்று எச்சரித்தார்கள். இரண்டு நாள் பட்டினி கிடப்பவன் மூன்றாம் நாள் தளர்ந்து, எரிச்சலோடு, "இவ்வளவு செய்தேனே" என்ற எண்ணத்தோடு இருப்பான். அந்த மூன்றும் இச்சைக்கு வாசல். படிக்கிற, வேலைக்குப் போகிற பிள்ளைக்கு வாரத்தில் ஒரு நாள், ஒரு வேளை உணவை விட்டு அந்தப் பணத்தை ஏழைக்குக் கொடுப்பது சரியான அளவு. சர்க்கரை நோயாளிக்கும், உணவைப் பார்த்தே பயப்படும் பெண்பிள்ளைக்கும் அதுவும் வேண்டாம்.

திரும்பத் திரும்ப அறிக்கையிடுபவர் வேறு வகை. அவரிடம் இன்னும் ஆழமாக ஆராயச் சொல்லக் கூடாது. அது எரிகிற நெருப்பில் எண்ணெய். இந்தக் கோட்டு-புள்ளிக் கணக்கையும் அவருக்குக் கொடுக்காதீர்கள். புனித அல்போன்சு லிகோரியார் தாமே இந்த வேதனைக்கு ஆளானவர். அவர் காட்டிய வழி, ஒரே ஆன்ம குருவின் சொல்லுக்குக் கீழ்ப்படிவது, மன்னிக்கப்பட்ட பாவத்தைத் திரும்ப அறிக்கையிடாதிருப்பது. உண்மையாகவே சம்மதித்தேனா என்ற சந்தேகம் இருந்தால், சம்மதிக்கவில்லை என்றே அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கை கழுவுதல், எண்ணுதல், அருவருப்பான நினைப்பு பலவந்தமாக வருதல் இவையும் கூடவே இருந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். ஜெபமும் தொடரட்டும்.

உப்பரிகை:
அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்வதை வைத்து, கூடுகையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சொல்லும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. செய்யாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதே சோதனையில் தத்தளிக்கும் இரண்டு நண்பர்கள் ஒருவருக்கொருவர் காவல் என்பதும் நிற்காது; கொஞ்ச நாளில் ஒருவருக்கொருவர் சலுகை கொடுத்துக்கொள்வார்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், பத்து வயதாவது மூத்தவர், வாயை மூடத் தெரிந்தவர், வாரம் ஒரு முறை. "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டால் "நல்லா இருக்கேன் அண்ணா" என்றுதான் பதில் வரும். "செவ்வாய்க்கிழமை ராத்திரி போன் எங்கே இருந்தது" என்று கேட்க வேண்டும். விழுந்த பிறகு வெட்கத்தில் ஆலயத்துக்கு வராமல் நின்றுவிடுவதுதான் இரண்டாவது விழுகை, பல நேரம் முதலாவதைவிட நீளமானது. அந்த வாரம் அவனை நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

உங்கள் வகுப்பில் 18 வயது ஆகாதவர்கள் இருப்பதால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சின் நடுவில், பெரியவர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்ததாக ஒரு பிள்ளை சொன்னால், அது அந்தப் பிள்ளையின் சோதனையும் அல்ல, பாவமும் அல்ல. "மன்னித்துவிடு, ஜெபிப்போம்" என்று மூடக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். 1098 குழந்தைகள் உதவி எண்ணைப் பாடக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டு வையுங்கள்.